ஹீட்டர் சுடாத மூன்று நாட்கள்

சென்ற வாரம் மகள் வீட்டில் பேரனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிழமையில் இரண்டு நாள் அது என் உத்தியோகம். சம்பளம் கிடையாது, கஞ்சி உண்டு. அதுவும் அவன் மிச்சம் வைத்தால். ஓல்டன் நகரில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடி வீடு. ஹீட்டர் என்று கண்ணுக்கு ஒன்றுமில்லை, சூடு தரைக்குள்ளிருந்தே வருகிறது. பதினொரு மாதப் பிள்ளை அதன்மேல் வயிறு பட ஊர்ந்து திரிகிறான். அன்று என்னிடமிருந்து கஞ்சிக் கரண்டியைப் பறித்துக்கொண்டு போய்த் தரையில் இரண்டு தரம் தட்டினான். டொக், டொக். உடனே எனக்குப் பழைய வீட்டு ஹீட்டரின் மணம் மூக்கில் ஏறியது. சூடேறும் இரும்பு, பழைய பெயிண்ட், கோடை முழுக்கச் சேர்ந்த தூசி கருகும் மணம். கூடவே கொஞ்சம் மோர்மிளகாய்.

மோர்மிளகாய் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அகதி முகாமை விட்டு வந்து நாங்கள் எடுத்த முதல் வீடு தண்டவாளத்துக்குப் பக்கத்தில், மூன்றாம் மாடியில் இருந்தது. ரயில் போனால் அலுமாரிக்குள் கோப்பைகள் கிலுகிலுக்கும். மனைவிக்கு முதியோர் இல்லத்தில் காலை வேலை, எனக்குக் களஞ்சியத்தில் பின்னேர வேலை. வாசலடியில் பிள்ளையைக் கைமாற்றிவிட்டு ஓடுவோம். காலை முழுக்க மகள் அபி என் பொறுப்பு. யன்னலுக்குக் கீழே வரிவரியாக ஒரு இரும்பு ஹீட்டர். நாங்கள் குடிபோனபோது குளிர்காலம் முடிந்துவிட்டதால் அது வெறும் குளிர்ந்த இரும்பு. யன்னல் வெயில் அதன் தலையில் விழும். அங்கே தட்டை வைத்து என் மனைவி மோர்மிளகாய் காயவைப்பாள். அபி கீழே அதன் வரிகளைப் பிடித்துத்தான் முதன்முதலாக எழுந்து நின்றாள்.

நின்றவள் சும்மா நிற்கவில்லை, கரண்டியோடு நின்றாள். டங், டங். ஹீட்டர் குழாய் எல்லா மாடிக்கும் ஒன்றுதான். சற்று நேரத்தில் கீழேயிருந்தும் டங், டங் என்று வந்தது. கோபத்தில் தட்டுகிறார்கள் என்று நினைத்தேன். கீழ்வீட்டில் இருந்தவர் பியெத்ரோ, கட்டடத்தைப் பராமரிக்கும் அப்வார்ட். எங்களுக்கு முன்பே இத்தாலியிலிருந்து வேலைக்கு வந்தவர். அவர் முறைப்பாடு செய்தால் வீடு போகும், வீடு போனால் விசா போகும் என்று நானே ஒரு சங்கிலி பின்னி வைத்திருந்தேன். கரண்டியை ஒளித்தேன். அவள் சாவிக்கொத்தால் தட்டினாள்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி பொரித்த ரோல்ஸோடு மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் ஒன்றை முழுதாக வாயில் போட்டார். உறைப்பில் கண்ணீர் வழிய, மேசையில் கிடந்த கரண்டியை எடுத்துத் தன் வீட்டு ஹீட்டரில் இரண்டு தரம் தட்டினார். மேலேயிருந்து பதில் வந்தது, டங், டங்.

"பாத்தியோ, கதைக்கிறாள்!" என்று என் தோளில் ஓங்கி அடித்தார். அவருடைய ஜெர்மனிலும் இலக்கணம் இல்லை, என்னுடையதிலும் இல்லை. அதனால் நாங்கள் ஒருவரையொருவர் நன்றாக விளங்கிக்கொண்டோம். இங்கே அதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

ஒக்டோபரில் குளிர் இறங்கியது. படிக்கட்டில் ஒரு அறிவித்தல் தொங்கியது. எனக்கு அதில் விளங்கியது ஹீட்டரைக் குறிக்கும் 'ஹைசுங்' என்ற சொல்லும் திகதியும்தான். ஹீட்டர் போடப் போகிறார்கள், கடவுளே நன்றி என்று நிம்மதியாகப் படுத்தேன். கோடை முழுக்கப் பிள்ளை கட்டிப்பிடித்து நின்ற இரும்பு கொதிக்கப் போகிறது என்பது இந்த மண்டைக்கு எட்டவில்லை. இப்போது நினைத்தாலும் உள்ளங்கை கூசுகிறது.

அந்தத் திகதியன்று காலை பியெத்ரோ வீடுவீடாக வந்து ஹீட்டர்களுக்குள் அடைபட்ட காற்றை வெளியே எடுத்தார். எங்கள் வீட்டுக்குள் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அபி இரண்டு உள்ளங்கையையும் இரும்பில் ஒட்டி, கன்னத்தையும் அதில் வைத்து அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் ஹீட்டரை மூடும் திருகைத் திருகிப் பார்த்தார். பெயிண்ட் இறுகி அசையவில்லை. பிறகு டேப்பை எடுத்து நீளம், உயரம் அளந்தார். பிள்ளையின் கையை மெல்லப் பிடித்து, மூடிய விரல்களையும் அளந்தார். கடைசியாக அவளுடைய கரண்டியை வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"ஒரு சாமான் பழுது. அது வந்தாப்பிறகுதான் சூடு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று நாள் கட்டடத்தில் எங்கும் சூடு வரவில்லை. நான் ஜாக்கெட்டோடு சமைத்தேன். மேல்மாடிப் பெண் படிக்கட்டில் நின்று அவரைக் கண்டபடி ஏசினாள். நானும் என் பங்குக்கு வீட்டுக்குள் கத்தினேன்.

"இந்த அப்வார்ட் சரியான சோம்பேறி! பிள்ளையின்ரை கரண்டியையும் கொண்டு போயிட்டார்!"

"இஞ்சாருங்கோ, மெல்லக் கதையுங்கோ. கீழை கேக்கும்," என்றாள் மனைவி.

மூன்றாம் நாள் மாலை, எனக்கு விடுமுறை, அவர் ஒரு மரத்தடுப்போடு வந்தார். அதைச் சுவரில் இறுக்கி ஹீட்டரை மூடினார். சட்டங்களுக்கு நடுவில் இடைவெளி விட்டிருந்தார். பையிலிருந்து கரண்டியை எடுத்து உள்ளே விட்டார். அது இரும்பைத் தொட்டது. அபி பின்னாலேயே கையை விட்டுப் பார்த்தாள். கை போகவில்லை. கரண்டி போகும், கை போகாது. அந்த அளவுக்குத்தான் மூன்று நாள் மெனக்கெட்டிருக்கிறார்.

கீழே போய்ச் சூட்டைப் போட்டுவிட்டு மறுபடி ஏறி வந்தார். குழாய் சூடேறும்வரை காத்திருந்து, அபியின் கண் முன்னால் விரல் நுனியால் அதைத் தொட்டு, "ஸ்கொட்டா!" என்று துள்ளினார். சுடும் என்பதற்கு அவர்களுடைய சொல். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எங்கள் வீட்டில் தேநீர் இன்றைக்கும் ஸ்கொட்டாதான்.

ஏழெட்டு வருடம் கழித்து அவர் ஓய்வுபெற்று ஊருக்குத் திரும்பினார். பெட்டி தூக்கிக் கொடுக்கப் போனேன். ஏற்றி முடிந்ததும் அவர் சொன்னார்:

"அண்டைக்கு ஹீட்டரிலை ஒரு சாமானும் பழுதில்லை."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். "அப்ப ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சொன்னால், உன்ரை பிள்ளையாலைதான் குளிர் எண்டு கட்டடம் முழுக்க உன்னை ஏசும். நீ புதிசு. என்னை ஏசட்டும், எனக்குப் பழக்கம்." பிறகு கண்ணைச் சிமிட்டினார். "நீயும் ஏசினாய். குழாயிலை கேட்டது. பாஷை விளங்கேல்லை, அப்வார்ட் எண்டது விளங்கினது."

வெட்கத்தில் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். நன்றி என்று சொன்னேனா என்பது நினைவில்லை. அதனால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன்.

சில வருடங்கள் நத்தார் பண்டிகைக்கு அவரிடமிருந்து வாழ்த்து அட்டை வந்தது, பிறகு நின்றுவிட்டது. அந்தக் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். அபியின் கையில் ஒரு சூட்டுத் தழும்பும் இல்லை. அந்தக் கையால்தான் இப்போது தன் பிள்ளையைத் தூக்குகிறாள்.

பேரன் மறுபடி தட்டினான். டொக், டொக். இந்த வீட்டில் பிள்ளையைச் சுட ஒன்றுமில்லை, அது பெரிய நிம்மதி. பின்னேரம் வேலையால் வந்த மகளிடம், கீழ்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"தெரியாதப்பா," என்றாள்.