தீபாவுக்காக ஒரு வேண்டுதல்

என் நாத்தனார் பானு மாதிரி தோழிக்காகச் சாமியை நச்சரித்தவள் இந்தத் தாபோடி ஊரிலேயே கிடையாது. தீபாவுக்கு வெளிநாட்டில் பிஎச்.டி. இடம் கிடைக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமை தவறாமல் பக்கத்து ஊர் கட்கியிலிருக்கும் கோயிலுக்குப் போவாள். அவ்வளவு நல்ல மனசா என்று கேட்காதீர்கள். தீபா போனால்தான் இவளுக்கு வேலை.

இருவரும் ஒன்றாக எம்.எஸ்ஸி. படித்தவர்கள். ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் திட்ட உதவியாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்தது. தீபா அங்கேயே சம்பளமில்லாமல் பயிற்சியில் இருந்தாள். இடம் அவளுக்குத்தான் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் மூன்று பேராவது வராவிட்டால் தேர்வைத் தள்ளி வைத்துவிடுவார்களாம்.

"அரே, கணக்குக்கு நீயும் வந்து உட்காரு" என்று தீபா கூப்பிட்டாள்.

சும்மா உட்காரப் போனவள், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லித் தொலைத்தாள். தீபாவுக்கு வேலை, இவளுக்குக் காத்திருப்போர் பட்டியலில் முதல் இடம். தீபா விலகினால் இவளைக் கூப்பிடுவார்கள். அந்தப் பட்டியலும் ஒரு வருடம்தான் செல்லும்.

அந்த ஆய்வகத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இவளுக்குத் தான் எடுக்கிற டியூஷனில் மனசு ஒட்டவில்லை. மைக்ராஸ்கோப் முன்னால் வெள்ளைக் கோட்டுடன் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பற்றியே பேசுவாள். சோறு ஆறிப்போகும். பத்தாவதோடு நின்ற எனக்கே அந்த ஏக்கம் தொற்றிக்கொண்டது.

தீபாவின் பிஎச்.டி. விண்ணப்பங்களை இவள்தான் திருத்தினாள். ஞாயிறானால் எங்கள் சமையலறையில் பேராசிரியர் மாதிரி கேள்வி கேட்டு அவளைக் குடைவாள். ஒவ்வொரு இடமாகக் கைவிரித்தபோது, தீபாவைவிட இவள் முகம்தான் அதிகம் வாடியது.

போன ஞாயிறு தீபா வந்தாள். ஜெர்மனியில் இடம் கிடைத்துவிட்டதாம். சொல்லிவிட்டு அழுதாள்.

"அப்பா கல்யாணத்த முடிச்சுட்டு அப்புறம் படின்னு சொல்றார். போகாம இருந்துடட்டுமா?"

"பைத்தியமா உனக்கு? போ!" என்று பானு கத்தினாள்.

தீபா நிமிர்ந்து பார்த்தாள். "எனக்காகச் சொல்றியா, உனக்காகவா?"

எனக்குச் சுருக்கென்றது. அடுப்பில் டீ பொங்கி வழிந்தது, இறக்கத் தோன்றவில்லை.

"மொதல்ல எனக்காகத்தான் வேண்டிக்கிட்டேன்" என்றாள் பானு. "அந்த வேலை மேல அவ்ளோ ஆசை. இப்ப யாருக்காகன்னு எனக்கே தெரியல, தீபா. ஆனா ஜெர்மனில இருந்து எனக்கு அந்த மெயில் வந்திருந்தா, நான் யார்கிட்டயும் கேட்டுட்டு நிக்கமாட்டேன்."

தீபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போனை எடுத்து, வருகிறேன் என்று பதில் எழுதி, பானுவிடம் ஒருமுறை காட்டிவிட்டு அனுப்பினாள்.

இவள் குதிப்பாள் என்றுதான் நினைத்தேன். இத்தனை வெள்ளிக்கிழமை கேட்டது கிடைத்துவிட்டதே! தீபாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்ப கிளம்பற?" என்றாள். கேட்டு முடிப்பதற்குள் அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது.