பக்கத்து சீட்டில் ஒரு கண்

என் தங்கை வேலை பார்ப்பது ஒரு பரஸ்பர நிதி நிறுவனத்தில். பலர் போடும் பணத்தைச் சேர்த்து அங்கே பங்குகளும் கடன் பத்திரங்களும் வாங்குகிறார்கள். அதில் ஒரு யூனிட்டின் அன்றைய விலை என்ன என்று, சந்தை மூடியதும் தினமும் கணக்கிட்டு வெளியிட வேண்டும். என் தங்கை சரிபார்த்த பிறகுதான் அந்த விலை வெளியே போகும். பத்தாவதோடு நிறுத்திவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்த எனக்கு இது புரியவே நாளாயிற்று. புரிந்த பின், துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பழைய சாஃப்ட்வேரை மாற்றப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. இப்போது எல்லா நிறுவனங்களிலும் அப்படித்தானாம். புதியதற்குத் தலைமை தனக்குத்தான் என்று இவள் நம்பியிருந்தாள். மேனேஜரோ, இவளே வேலை சொல்லிக்கொடுத்த பெண்ணிடம் அதை ஓட்டிப்பார்க்கும் பொறுப்பைக் கொடுத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தப் பெண்ணுக்குப் பெயர் மகாராணி.

"மகாராணிக்கு ரெண்டு ஸ்கிரீன் வந்திருக்கு. நான் ஒரு மவுஸ் கேட்டு மாசக்கணக்காச்சு."

"நீயும் விடாம கேளேன்டி."

"அவ கேட்டா வாங்கினா? என்னைப் போய் அக்கான்னு வேற கூப்பிடுறா. ரெண்டு வயசுதான் வித்தியாசம்."

சாப்பாட்டில் உப்பு கூடினால்கூட மகாராணிதான் காரணம்.

பழையதும் புதியதும் சில வாரங்கள் ஒரே நாளின் விலையைத் தனித்தனியே போட வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் பழையதை நிறுத்திவிடுவார்கள். தலைமை சீட்டும் மகாராணிக்குப் போய்விடும். பழையதை என் தங்கை ஓட்டினாள். தினமும் விலை ஒத்துப்போயிற்று. தினமும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள்.

கடைசி வாரத்தில் ஒரு நாள் சில பைசா வித்தியாசம் வந்தது.

"பழைய விலையையே வெளியிட்டுடுங்க. புதுசை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றார் மேனேஜர்.

மகாராணிக்குக் கண் சிவந்துவிட்டது. "எல்லாத்தையும் மறுபடி பார்த்துட்டேன் அக்கா. எங்க இடிக்குதுன்னே தெரியல."

"எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சுக்கா" என்று இவள் பிறகு என்னிடம் சொன்னாள்.

ஆனாலும் வெளியிடுமுன் வழக்கம்போல ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். ஒரு கடன் பத்திரம் கொஞ்ச நாளாக விலைபோகாமல் கிடந்தது. சந்தை விலை வராததால் அதற்கு இவள்தான் கையால் ஒரு விலை போட்டுவந்தாள்; புதியதிலும் அதையே எடுத்துக்கொண்டார்கள். அன்று அது மறுபடி விற்பனையாகி, சந்தை விலையும் வந்திருந்தது. கையால் போட்டதை எடுக்க இவள் மறந்திருந்தாள். புதிய சாஃப்ட்வேர், சந்தை விலை வந்ததும் தானாகவே அதை எடுத்திருந்தது. காலையிலிருந்து இவள் கண் தன் ஸ்கிரீனில் இல்லை. பக்கத்து சீட்டில் இருந்தது.

அந்த வரியை வேறு யாரும் பார்க்கப்போவதில்லை. அப்படியே வெளியிட்டால் மகாராணிக்கு சீட் கிடைக்காது. ஆனால் அன்று யூனிட் வாங்கியவர்களுக்கும் விற்றவர்களுக்கும் தப்பான விலை போகும். எழுந்து மேனேஜரிடம் போனாள்.

"சார், தப்பு என்னோடது. அவ போட்ட விலைதான் சரி."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்துவிட்டாள். "சொல்லவே மனசு வரலைக்கா."

"எப்படியோ சொல்லிட்டியே."

"பின்ன? அவ ஜெயிக்கக் கூடாதுங்கறதுக்காக என் கையால தப்பு விலை போகணுமா?"

சீட் மகாராணிக்குத்தான் போயிற்று. அதில் உட்கார்ந்ததும் அந்தப் பெண் முதலில் வந்து கேட்டது என் தங்கையிடம்தான்: "நான் போடுறதை நீங்களே செக் பண்ணுங்க அக்கா." இவளும் சரி என்றுவிட்டாள்.

இப்போது வீட்டிலிருந்து சீக்கிரமே கிளம்பிவிடுகிறாள். மகாராணி போடும் ஒவ்வொரு வரியையும் துருவித் துருவிப் பார்க்கிறாளாம். இன்னும் ஒரு தப்புகூட சிக்கவில்லை என்று என்னிடம் புலம்பிக்கொண்டிருக்கிறாள்.