அண்ணன் செய்த செலவு

அந்த அல்பாக்காக் கம்பளிக் கோட்டை அப்பா புறங்கையால் தொட்டுப் பார்த்ததுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. மதுரையில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்த அண்ணன், கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்காகக் காமயகவுண்டன்பட்டிக்கு வந்து வண்டியிலிருந்து இறங்கியபோது, உடம்பில் அந்தக் கறுப்புக் கோட்டும் காலில் சப்பாத்தும் இருந்தன. அப்பா அப்போதுதான் வயலிலிருந்து திரும்பியிருந்தார். உள்ளங்கைக் காய்ப்பு துணியின் நூலை இழுத்துவிடுமோ என்று பயந்து புறங்கையால் தடவினார். விலை கேட்கவில்லை. அண்ணனின் செலவுக்காக வாய்க்காலோரத்து வயலில் பாதியை ஏற்கெனவே விற்றிருந்தார்.

அண்ணன் கெட்டவர் அல்லர். குடி, சூது எதுவும் கிடையாது. கூடப் படித்தவர்கள் ஜமீன் வீட்டுப் பிள்ளைகளும் வக்கீல் வீட்டுப் பிள்ளைகளும். அவர்கள் ஒருநாள் காப்பி வாங்கிக் கொடுத்தால் மறுநாள் இவர் எல்லோருக்கும் பலகாரத்தோடு வாங்கிக் கொடுப்பார். அவர்கள் நாடகம் பார்க்கத் திருச்சிக்கு ரயிலேறினால் இவரும் ஏறுவார். தன்னை ஏழை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்கே கைப்பணம் முழுக்கப் போயிற்று. வீட்டில் நாங்கள் கேப்பைக்களி தின்றோம்.

"பெரிய வீட்டுப் பிள்ளைகளோட சரிக்குச் சமமா இருக்கான்ல. கஞ்சப்பயன்னு சொல்லிரக் கூடாது பாரு" என்று அம்மா எனக்குச் சமாதானம் சொல்வாள். மீதி வயலும் மறுவருஷம் போனது.

பரீட்சை எழுதிவிட்டு அண்ணன் ஊர் திரும்பிய வாரமே அப்பா இறந்துபோனார். குளிப்பாட்டிய பிறகு உடுத்திவிட, கிழியாத வேட்டி ஒன்றுகூடப் பெட்டியில் இல்லை. பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கினோம். வாசற்படியில் நின்று அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றோடு அவர் கை இறுகிவிட்டது. பி.ஏ. தேறி, மலைமேல் பெரியாற்று அணை வேலைக்கான அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். நல்ல சம்பளம்தான். ஆனாலும் கோட்டை விற்றார், சப்பாத்தை விற்றார், மலைப்பாதையில் வெறுங்காலோடு ஏறி இறங்கினார். அப்பாவின் வயலை மீட்க வேண்டும் என்பது தவிர வேறு நினைப்பில்லை. கல்யாணத்துக்கு மேளம்கூட வைக்கவில்லை. அண்ணிக்கு அதில் வருத்தம் இருந்திருக்கும். ஆனால் என்னிடம் சிரித்தபடிதான் சொல்வாள்: "ஒங்க அண்ணன் விளக்கை ஊதுறதுக்குக்கூட மூச்சை மிச்சம் பிடிப்பாக."

அடுத்த மழைக்காலத்தில் மலைக்காய்ச்சல் அண்ணியைப் பிடித்தது. அப்போது கர்ப்பமாயிருந்தாள். கம்பத்திலிருந்து வந்த மருந்துக்காரர் அவள் கண்ணிமையை விலக்கிப் பார்த்துவிட்டு, "இங்கன வச்சிருந்து பிரயோசனமில்லை. வண்டி பிடிச்சு மதுரைக்கு டாக்டர்கிட்டக் கொண்டு போங்க" என்றார். வயலுக்குக் கிரயம் பேசி முடித்து, பணத்தையும் எண்ணி வைத்திருந்த நேரம் அது.

"கொஞ்சம் பொறுத்துப் பாப்போம் ஆத்தா. பத்திரம் முடிஞ்சதும் கூட்டிட்டுப் போறேன்" என்றார் அண்ணன்.

"வயலு எங்கடா ஓடிப் போகுது?" என்று அம்மா கத்தினாள்.

மறுநாள் காய்ச்சல் விட்டது. அண்ணி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். அண்ணனின் முகம் தெளிந்தது. அதற்கடுத்த நாள் குளிர் திரும்பி வந்து அவளைக் கட்டிலோடு உலுக்கியது. பிறகு எழுந்திருக்கவில்லை. வயிற்றுப் பிள்ளையோடு புதைத்தோம். அந்த வாரமே வயல் அண்ணன் பெயருக்கு வந்தது.

இப்போது மலையிலிருந்து தண்ணீர் இறங்கி வாய்க்கால் நிறைய ஓடுகிறது. வயல் பச்சையாக நிற்கிறது. அண்ணன் அந்தப் பக்கமே போவதில்லை, குத்தகைக்கு விட்டுவிட்டார். ஏன் என்று ஊரில் கேட்கிறார்கள். அண்ணி போன மறுவருஷம் நடந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்கு லேசாக உடம்பு சுட்டது, அவ்வளவுதான். நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அண்ணன் வண்டி பிடித்துவிட்டார். தேனி, ஆண்டிபட்டி கடந்து மதுரை போய்ச் சேருவதற்குள் சூடே இறங்கிவிட்டது. டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, சளிதான் என்று ஒரு புட்டி மருந்து கொடுத்தார். அண்ணன் மடியிலிருந்த பணப்பையை அவிழ்த்து மேசைமேல் கவிழ்த்தார். டாக்டர் கொஞ்சம் சில்லறையை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அவர் பக்கம் தள்ளினார்.

"இம்புட்டுத்தானா?" என்றார் அண்ணன். பிறகு, "மலைக்காய்ச்சல்னாலும் இம்புட்டுத்தானாங்க?"

"அதற்கும் ஏறக்குறைய இவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

மீதிப் பணத்தை நான்தான் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். வெளியே வண்டிக்காரன் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அண்ணனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை.