சோறு வைக்காத டப்பா

என் கணவர் ஒரகடத்தில் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். சர்க்கரை நோயாளி. அவருக்காக இந்தக் கிறிஸ்துமஸுக்கு வான்கோழிக் கறியைக் கொத்தி, முட்டையும் முருங்கைக்கீரையும் பிசைந்து, சர்க்கரையை ஏற்றும் ரொட்டித்தூளே சேர்க்காமல், ரொட்டிபோல் முழுசாகச் சுடும் 'மீட்லோஃப்' செய்தேன். நிறைய மீந்தது. மறுநாள் காலை இட்லிக்குப் பதில் அதையே கொடுத்தேன். மதியத்துக்கும் சோறு வைக்காமல், அதையே தோசைக்கல்லில் வாட்டிக் கட்டினேன். மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொண்டு போனார்.

மதியம் அவரோடு ஒரே உற்பத்தி லைனில் வேலை செய்யும் திருநெல்வேலிக்காரர் முத்து போன் செய்தார். "பயப்படாதீய மதினி. அண்ணனுக்குச் சக்கரை எறங்கி, வேர்த்துக் கொட்டிட்டு. சீனித் தண்ணி குடுத்தோம். இப்போ தெளிஞ்சிட்டாவ."

பதறிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் தொழிற்சாலைக்கு ஓடினேன். முதலுதவி அறையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

"இன்னாத்துக்கு அழுவுற மேரி? ருசியாத்தான் இருந்துச்சு. நாளைக்குக் கொஞ்சம் சோறும் வையி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இட்லி, சோற்றைக் குறைத்தால் மாத்திரை அளவையும் பார்க்க வேண்டும் என்றார் அவருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர். இப்போது டாக்டரைக் கேட்காமல் எதையும் மாற்றுவதில்லை. மீட்லோஃப் செய்தால், மீந்ததோடு அளவாகச் சோறும் வைக்கிறேன். முத்துவுக்கும் இரண்டு துண்டு போகிறது.