என் சகலை விளக்கு வாங்கிய கதை

என் சகலையை, அதாவது என் மனைவியின் தங்கை வீட்டுக்காரரை, அவர் ஆபீஸில் கொட்டேஷன் என்றுதான் கூப்பிடுவார்கள். தண்ணீர் பம்பு செய்யும் கம்பெனியில் கொள்முதல் பிரிவு. மூன்று கடைகளில் விலை விசாரிக்காமல் ஒரு குண்டூசிகூட அந்தக் கம்பெனிக்குள் நுழைய முடியாது. அதில் தப்பில்லை, அதற்குத்தான் சம்பளம் கொடுக்கிறார்கள். சம்பளம் கொடுக்காத இடங்களிலும் அவர் அப்படியே இருப்பதுதான் எங்கள் குடும்பத்தின் கஷ்டம். முடி வெட்ட மூன்று சலூன் விசாரிப்பார். ஒருமுறை ஆடிய பல்லைப் பிடுங்க மூன்று டாக்டர்களைத் தேடினார். மூன்றாவது டாக்டர் கிடைப்பதற்குள் பல் தானாக விழுந்துவிட்டது. அதைத் தன் வாழ்நாள் சாதனைகளில் ஒன்றாக இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறார். பெண் பார்த்தபோதும் மூன்று இடம் பார்த்துவிட்டுத்தான் என் கொழுந்தியாளைக் கட்டினார். மற்ற இரண்டு பேரும் கொடுத்து வைத்தவர்கள் என்பது அவள் வழக்கமாகச் சொல்வது.

கொழுந்தியாள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறாள். குத்தினதே தெரியாது என்று வருகிறவர்கள் எல்லாம் புகழ்வார்கள். அவர்கள் அவளோடு ஒரே வீட்டில் இருந்து பார்த்ததில்லை.

இந்த அக்கா தங்கைக்கு ஒரு தம்பி உண்டு. என் மச்சினன். உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த கால்சட்டை போடுவான். எந்தப் பாக்கெட்டிலும் ஒன்றும் இருக்காது. அவன் ஒருநாள் திடீரென்று ஒரு கூடாரம் வாங்கிவிட்டான். வாங்கிய கூடாரத்தைச் சும்மா வைத்திருக்க முடியுமா? குடும்பத்தோடு ஏரிக்கரையில் போய்த் தங்குவது என்று அவனே முடிவு செய்து, அவனே அறிவித்து, அவனே வேலைகளையும் பிரித்துக் கொடுத்தான். கூடாரம் அவன் பொறுப்பு. கார் ஓட்டுவது என் பொறுப்பு. சாப்பாடு பெண்கள் பொறுப்பு. இயற்கையோடு இணைந்து வாழப் போனாலும் அதில் மட்டும் மாற்றம் வராது. மிச்சம் இருந்தது விளக்கு.

"அத சின்ன மாமா பாத்துக்கட்டும். ரொம்ப யோசிக்காதீங்க மாமா. சல்லிசா, சின்னதா, நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வந்துருங்க" என்றான்.

சல்லிசு, சின்னது, நல்லது. கொள்முதல் பிரிவில் ஆயுசைக் கழித்த மனிதரிடம் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, ரொம்ப யோசிக்க வேண்டாம் என்றும் சொல்கிறான்.

சகலை யோசித்தார். முதலில் மின்சாமான் கடைக்காரரைப் பிடித்துக் குடைந்தார். தொங்கவிட வளையம் இருக்கிறதா, மழையில் நனையலாமா, மங்கலாக வைத்தால் எவ்வளவு நேரம் எரியும், அதை யார் பார்த்தார்கள். கடைக்காரர் பெட்டியில் எழுதியிருக்கிறது என்றார். பெட்டியில் எழுதியதை நம்புகிற ஆளா இவர்? அடுத்த முறை இவர் தலை தெரிந்ததும் கடைக்காரர் சாப்பிடப் போய்விட்டாராம். காலை பத்து மணிக்கு.

பிறகு போனில் தேட ஆரம்பித்தார். அதில் ஒவ்வொரு விளக்குக்கும் கீழே வாங்கினவர்கள் அபிப்பிராயம் எழுதியிருப்பார்கள். பாராட்டி எழுதினவர்களை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திட்டி எழுதினவர்களை மட்டும் வரி விடாமல் படித்தார். எங்கோ யாரோ ஒருவருடைய விளக்கு பாதி ராத்திரியில் அணைந்துபோன துயரத்தைச் சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு உருகி உருகிச் சொன்னார். லூமன் என்று ஒரு வார்த்தை கற்றுக்கொண்டார். வெளிச்சத்தை அளக்கும் அளவாம். அதற்கப்புறம் அவர் காலெடுத்து வைத்த வீடுகளில் எல்லாம் மேலே அண்ணாந்து பார்த்து லூமன் சொன்னார். என் வீட்டுக் கழிவறைக்கு லூமன் அதிகம் என்றார். இத்தனை வருஷம் அது தெரியாமலே நான் அதற்குள் போய் வந்திருக்கிறேன்.

கடைசியில் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்ற தைரியத்தில் ஏழெட்டு விளக்குகளை வரவழைத்தார். தலையில் மாட்டுவது, பேனா மாதிரி சட்டைப்பையில் செருகுவது, வெயிலில் வைத்தால் தானே சார்ஜ் ஆவது, கையால் சுற்றினால்தான் எரிவேன் என்று அடம்பிடிப்பது. அமுக்கினால் தட்டு மாதிரி ஆகி, இழுத்தால் சொம்பு மாதிரி எழும்பி நிற்கும் ஒன்றும் இருந்தது. இவற்றைப் பரீட்சை செய்ய இருட்டு வேண்டுமே. சாயங்காலம் ஆனால் வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார். தெரு முழுக்க விளக்கெரியும்போது இவர்கள் வீடு மட்டும் இருண்டு கிடக்கும். பக்கத்து வீட்டுக்காரர் மின்கட்டணம் கட்டவில்லையா என்று பக்குவமாக விசாரித்துவிட்டுப் போனார். ஒரு விளக்கு பக்கெட் தண்ணீரில் மூழ்கியது, ஒன்று மாடிப்படியில் உருண்டது, இன்னொன்று குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. கொழுந்தியாள் வேலை முடிந்து வந்து, தலையில் ஒரு விளக்கை மாட்டிக்கொண்டு சமைத்தாள். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்குக் கண் கூசும். அடிக்கடி நிமிர்ந்து பார்த்தாள்.

எந்த விளக்கு எவ்வளவு நேரம் எரிகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் உத்தியோகம் அவர்களுடைய மகளுக்கு. கல்லூரியில் கணக்கியல் இரண்டாம் வருஷம். அந்தக் கல்லூரியையும் சகலைதான் தேர்ந்தெடுத்தார். எப்படி என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்து நடந்தது அன்றைக்கு எனக்குத் தெரியாது. பிறகு அவள் வாயாலேயே கேட்டதுதான். ஒரு சாயங்காலம், வெளி வெளிச்சம் துளியும் வரக்கூடாது என்று அப்பாவும் மகளும் சாமான் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அந்த அமுக்கு விளக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பழைய பெட்டிகளுக்கு நடுவில் முட்டியோடு முட்டி இடிக்கிற இடம். விளக்கு மங்கி மங்கி, ஒரு கட்டத்தில் அணைந்தது. சகலை எழுந்திருக்கப் போனார்.

"அப்பா, கொஞ்சம் உக்காருங்க. லைட்டு போட வேணாம்" என்றாள் மகள்.

இருட்டிலேயே சொன்னாள். கல்லூரிக்குப் போய் மாசக்கணக்கில் ஆகிறது. தினமும் பஸ் ஏறி, கல்லூரிக்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிவிடுகிறாள். அங்கே ஒரு கால்நடை ஆஸ்பத்திரி. முதலில் வேடிக்கை பார்த்தாள், பிறகு உதவி செய்தாள், இப்போது நாய்களைக் குளிப்பாட்டுகிறாள், கட்டுப் போடும்போது பிடித்துக்கொள்கிறாள். பரீட்சைக்கும் போகவில்லை. கணக்கு தனக்கு வராது, வந்தாலும் வேண்டாம்.

கொஞ்ச நாளாக வீட்டில் காரணமில்லாமல் தும்மிக்கொண்டிருந்த சகலைக்கு அப்போதுதான் காரணம் தெரிந்தது. மகளின் உடுப்பெல்லாம் நாய் முடி. நூறு பேர் எழுதிய அபிப்பிராயத்தைத் தோண்டித் துருவிப் படித்த மனிதர், வீட்டுக்குள் இருந்த ஒரே மகளின் அபிப்பிராயத்தைப் படிக்கவில்லை. அது அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். அணைந்த விளக்கை அமுக்குவதும் இழுப்பதுமாகவே இருந்தாராம். அழுகிறாரா என்றுகூடச் சந்தேகம் வந்ததாம் இவளுக்கு. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"சரி. அடுத்து எங்க சேரணும்னு பாத்து வெச்சிருக்கியா?"

"பாத்திருக்கேன்பா. மூணு இடம் விசாரிச்சு வெச்சிருக்கேன்."

இதற்கு மேல் அந்த மனிதர் என்ன செய்ய முடியும்? அவர் பெற்ற பெண், அவரைப் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடித்துவிட்டாள்.

மிச்சம் இருந்தது அம்மா. அவளிடம் யார் சொல்வது, எப்போது சொல்வது. சகலை யோசித்து ஒரு வழி சொன்னார். "ஏரிக்கரையில வெச்சு சொல்லலாம். அங்க நல்ல இருட்டா இருக்கும். முகத்தப் பாத்திருந்தா நான் கத்தியிருப்பேன். இருட்டுல உன் குரல் மட்டும்தான் கேட்டுச்சு, அதனாலதான் பேசாம இருந்தேன்" என்றார். அந்த அமுக்கு விளக்கையே வாங்குவது என்றும் முடிவானது. இருப்பதிலேயே மலிவு, சட்டைப்பைக்குள் அடங்கும், மஞ்சளாக எரிவதால் பூச்சியும் அவ்வளவாக அண்டாது. மற்றவையெல்லாம் வந்த வழியே திரும்பிப் போயின. தண்ணீரில் முங்கினது, படியில் உருண்டது எல்லாமும்தான்.

நாங்கள் ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மச்சினன் கூடாரத்தைப் பிரித்துப் போட்டு, கம்புகளைக் கையில் வைத்துக்கொண்டு, இது சரியான காற்றில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். இருட்டத் தொடங்கியதும் ஒரு சத்தம் கேட்டது. கரையைச் சுற்றி நட்டிருந்த உயரமான கம்பங்களில் விளையாட்டு மைதானத்தில் போடுவது போன்ற விளக்குகள் பளீரென்று எரிந்தன. ஏரியில் மீன் கண்ணைச் சிமிட்டினால்கூடத் தெரியும். இயற்கையோடு இணைய வருகிறவர்கள் தடுக்கி விழுந்துவிடக் கூடாது என்று அந்த முகாம்காரர்கள் செய்திருந்த ஏற்பாடு.

சகலை தன் விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்து நான் சிரித்தேன். மச்சினன் கூடாரத்துக்குள் விழுந்து சிரித்தான், கூடாரமும் கூடவே விழுந்தது. ஆனால் சகலை முகத்தில் ஈயாடவில்லை. நேராகக் காவலாளியிடம் போய் விளக்கை அணைக்கச் சொன்னார். கடைக்காரர்களிடம் தவிர வேறு யாரிடமும் குரலை உயர்த்தாத மனிதர், அன்றைக்கு அந்தக் காவலாளியிடம் கெஞ்சினார், கோபப்பட்டார், மறுபடியும் கெஞ்சினார். வருகிறவர்கள் எல்லாம் வெளிச்சம் போதவில்லை என்றுதான் குறை சொல்வார்கள், இருட்டு போதவில்லை என்று கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் என்று காவலாளி மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

சகலை திரும்பி வந்து, "வா, கொஞ்சம் நடந்துட்டு வரலாம்" என்று மனைவியைக் கூப்பிட்டார். மகளையும் கூட்டிக்கொண்டார். கம்பங்கள் முடிகிற கடைசிக் கோடியை நோக்கி மூன்று பேரும் போனார்கள். வாங்கின விளக்கை எரித்துப் பார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். தூரத்தில், மரங்களுக்கு நடுவே, ஒரு சின்ன மஞ்சள் வெளிச்சம் தரையில் உட்கார்ந்தது. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று அது அணைந்தது.

"பேட்டரி காலி. இத்தன நாள் ஆராய்ச்சி" என்றான் மச்சினன். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன் என்று என் மனைவி இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

பேட்டரி காலியாகவில்லை. மகள் முழுக்கச் சொல்லி முடித்ததும் கொழுந்தியாள்தான் கையை நீட்டி அதை அணைத்திருக்கிறாள். தான் அழுவதைப் பெண் பார்க்கக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ. என்ன வரப்போகிறதோ என்று அப்பாவும் மகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள்.

"வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கிட்டியா?" என்று கேட்டாள் கொழுந்தியாள்.

போட்டுக்கொண்டதாக மகள் சொன்னாள்.

"எல்லா ஊசியுமா?"

"எல்லாம் போட்டாச்சும்மா. ஆஸ்பத்திரிலயே போட்டாங்க."

"யார் போட்டாங்க? கை வீங்கிச்சா?"

இதற்குள் மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். அம்மா அவளை மடியில் சாய்த்துக்கொண்டு, இருட்டிலேயே அந்தக் கையை அமுக்கி அமுக்கிப் பார்த்திருக்கிறாள். நல்லபடியாக முடிந்தது என்று சகலைக்கு உயிர் வந்தது. அந்தச் சந்தோஷத்தில், அன்றைக்குச் சாமான் அறையில் தனக்கும் இப்படித்தான் இருந்தது என்று வாயைக் கொடுத்துவிட்டார்.

"அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றாள் கொழுந்தியாள்.

மறுநாள் முழுக்க அவள் அவரோடு பேசவில்லை, ஊர் திரும்பியும் வெகு நாள் ஜாடைப் பேச்சுதான். வாரக்கணக்கில் இந்த விஷயத்தை வைத்துக்கொண்டு, தன்னை இருட்டில் சமைக்கவும் விட்டிருக்கிறார் என்பதுதான் குற்றச்சாட்டு. அடுப்பை நகர்த்த வேண்டும் என்றால் என்னிடம் சொன்னாள், நான் அவரிடம் சொன்னேன். அவர் பதிலை என்னிடம் சொன்னார். மூன்று அடி தூரத்தில் உட்கார்ந்திருந்த கணவன் மனைவிக்கு நடுவில் நான் தபால்காரனாக இருந்தேன். மகள் மட்டும் யார் பக்கமும் சேராமல் அமைதியாக, வெகு நாளைக்கப்புறம், இரண்டு வேளை வயிறாரச் சாப்பிட்டாள்.

இப்போது அவள் கால்நடைப் பராமரிப்புப் படிப்பில் இருக்கிறாள். விசாரித்து வைத்திருந்த மூன்றில் இரண்டாவது இடம். கட்டணம் அதிகமான இடத்தையே ஏன் தேர்ந்தெடுத்தாள் என்று சகலை கேட்கவில்லை. அவர் வாழ்க்கையில் பேரம் பேசாமல் பணம் கட்டியது அந்த ஒரு இடத்தில்தான் என்று நினைக்கிறேன். போன மாதம் கொழுந்தியாள் அங்கே போய், நாயின் முன்னங்காலில் நரம்பு எங்கே ஓடுகிறது என்று மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறாள். மனிதர்களைவிட நாய்கள் மேல், குத்தும்போது கதை பேசுவதில்லை என்று சகலையைப் பார்த்துச் சொன்னாள். அவரோடு அவள் நேராகப் பேசுகிறாள் என்பதே எங்களுக்குப் பெரிய நிம்மதியாக இருந்ததால், அதில் குத்து இருந்ததா என்று யாரும் ஆராயவில்லை.