நைஸாக அரைத்த காபிப் பொடி

மனைவி இறந்து மூன்று மாதம் கழித்து வீட்டில் காபிப் பொடி தீர்ந்தது. திருக்காட்டுப்பள்ளியில் நாங்கள் வழக்கமாக வாங்கும் கடைக்குப் போனேன். இத்தனை வருடமும் நான் வெளியே வண்டியிலேயே உட்கார்ந்திருப்பேன். அவள்தான் உள்ளே போய் வாங்கி வருவாள்.

“கொட்டை பீபெரியா, பிளான்டேஷனா? சிக்கரி எவ்வளவுங்க?” என்று கடைக்காரர் கேட்டார். தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மாவு மில்லில் சொல்லும் பழக்கத்தில், “நல்லா நைஸா அரைச்சிடுங்க” என்றும் சேர்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பில்டரில் பொடியைப் போட்டுக் கொதிக்கும் நீரை ஊற்றினேன். பத்து நிமிடமாகியும் ஒரு சொட்டு இறங்கவில்லை. பொறுமையிழந்து மேல் பாத்திரத்தைத் தூக்கித் தட்டினேன். அது கைநழுவி, சுடுநீர் முகத்தில் அடித்தது. மூக்குக்கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது, கன்னம் வெந்துவிட்டது. “சரோஜா!” என்று கத்தினேன். கத்திய பிறகுதான் நினைவு வந்தது.

மறுவாரம் கடைக்காரரிடம், வழக்கமாக வந்து வாங்குபவளின் கணவன் என்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன். “நைஸா அரைச்சா பில்டர் அடைச்சுக்குங்க. அம்மா எப்பவும் ரவை பதத்துக்குத்தான் கேப்பாங்க. வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்திருக்கலாமே?” என்றார். “ரவை பதத்துக்கே அரைச்சிடுங்க” என்றேன்.

இப்போதெல்லாம் ரவை பதம் என்று நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். டிகாக்‌ஷன் இறங்கும்வரை பில்டரைத் தொடுவதில்லை. அவள் அரைக் கிலோ வாங்கிய கடையில் நூறு கிராம் வாங்குகிறேன். ஏன் குறைத்துவிட்டீர்கள் என்று கடைக்காரர் கேட்டால் சொல்லிவிட வேண்டும். அவர் இன்னும் கேட்கவில்லை.