முடிச்சுப் போட முடியாத கை

சித்தப்பாவை மின்கம்பத்தில் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று அம்மா ஓடி வந்து சொன்னபோது, நான் திருப்பதிக்கு ரயிலேறக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு புடவைக் கடையில் எனக்கு வேலை. வீடு நகரியில். வீட்டை ஒட்டிய ஷெட்டில் நைனா, அதாவது என் அப்பா, நாலு பவர்லூம் தறி ஓட்டிக்கொண்டிருந்தார்.

கட்டப்பட்டிருந்தவர் அதே ஷெட்டில் பல வருஷம் வேலை செய்தவர். உறவில்லை என்றாலும் நான் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவேன். இழை அறுந்து தறி நின்றால், நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் முடிச்சுப் போட்டு ஓடவிட்டிருப்பார். குடி அதிகமாகி ஒழுங்காக வராமல் போனதும் நைனா அவரை நிறுத்திவிட்டார். அதன்பிறகுதான் தெருவில் ஒவ்வொரு ஷெட்டாகத் தறி மோட்டார்கள் காணாமல் போயின. உள்ளே இருக்கும் செம்புக் கம்பிக்குப் பழைய இரும்புக் கடையில் நல்ல விலை. ஆடி மாத ஆர்டர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த சமயத்தில் எங்கள் மோட்டாரும் போனது. அம்மா ஓடி வந்த அன்று காலை பக்கத்து ஷெட்டின் சுவரேறிக் குதித்தபோது அவர் பிடிபட்டார். கையில் மோட்டார் இருந்தது. திருடியது அவர்தான், அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆளாளுக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். சிலர் போனில் படம் பிடித்தார்கள். நைனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். தடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கீழே கிடந்த ஒரு கட்டையை எடுத்தார்.

"இந்தக் கைக்குத்தான் நான் வேல கத்துக் குட்தேன்" என்று சொல்லி, சித்தப்பாவின் வலது மணிக்கட்டில் அடித்தார். ஒரு தடவையோடு நிறுத்தவில்லை. சித்தப்பா கத்தவில்லை. "வேணாண்ணா, வேணாண்ணா" என்று மெல்ல முனகிக்கொண்டிருந்தார். கடைசியில் அம்மாதான் நைனாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

போலீஸ் வந்து கை எப்படி உடைந்தது என்று கேட்டது. தப்பி ஓடும்போது விழுந்தான் என்று தெருவே சொன்னது. அவரும் அதையே சொன்னார்.

சித்தூர் ஜெயிலில் அவர் இருந்த மாதங்களில், தெருவில் பலர் நைனாவைப் புகழ்ந்தார்கள். நைனா எழுந்து ஷெட்டுக்குள் போய்விடுவார். எனக்குத் தினமும் ரயிலிலும் இதே மாதிரிப் பேச்சுதான் காதில் விழும். எங்கேயாவது திருட்டு நடந்தது என்று யாராவது ஆரம்பித்தால் போதும், வெளிநாட்டில் கையை வெட்டுகிறார்கள், அதனால்தான் அங்கே பயம் இருக்கிறது என்பார்கள். என்னோடு வரும் ஒரு அக்கா, நல்ல மனுஷி, தன் சாப்பாட்டில் பாதியை எனக்குக் கொடுப்பவள், அவளும் அப்படித்தான் சொன்னாள். எங்கள் தெருவில் ஏறக்குறைய அதையே செய்துவிட்டார்கள், அந்த வீட்டில் இப்போது யார் சோறு போடுவது என்று தெரியவில்லை என்றேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

தண்டனை முடிந்து அவர் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். ஆள் இளைத்திருந்தார், ஆனால் குடியை விட்ட முகம் தெளிவாக இருந்தது. வாசலிலேயே நின்று, தறி ஓட்ட ஆள் வேண்டுமா என்று கேட்டார். அம்மா பயந்துபோய் உள்ளே போய்விட்டாள். நைனா ஷெட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய், ஒரு இழையை அறுத்து அவரிடம் நீட்டினார். சித்தப்பாவின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடவில்லை. நூல் நழுவி நழுவி விழுந்தது. பல்லால் கடித்துப் பிடித்துக்கூடப் பார்த்தார்.

"ஜெயில்லயும் தறி கீதுண்ணா" என்றார். "உக்காந்து பார்த்தேன், முடியல. செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்ட்டாங்க. ஜெயிலு முடிஞ்சிடுச்சி. இது முடியல."

நைனா அந்த நூலைப் பொறுக்கி எடுத்துத் தன் விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். மறுநாள் அவரைப் புத்தூருக்கு, எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியரிடம் கூட்டிப்போனார். நானும் கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கூடப் போனேன். வைத்தியர் மணிக்கட்டைத் தடவிப் பார்த்து எப்படி ஆனது என்று தெலுங்கில் கேட்டார். சித்தப்பா, விழுந்துவிட்டேன் என்று ஆரம்பித்தார்.

"வுழல" என்றார் நைனா. "நான் அட்சேன்."

வைத்தியர் மறுபடி மணிக்கட்டை அழுத்திப் பார்த்தார். எலும்பு சேர்ந்துவிட்டது, ஆனால் நரம்பு போய்விட்டது, இனி எண்ணெய் தேய்க்கலாம், அவ்வளவுதான் என்றார். திருப்பதியில் பெரிய டாக்டரும் அதையேதான் சொன்னார். திரும்பும்போது ரயிலில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நைனா வேர்க்கடலை வாங்கி, தோலை உரித்து உரித்து அவருடைய இடது கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

நைனா அவரை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். நூல் மூட்டை தூக்குவது, ஷெட்டைப் பெருக்குவது, காவலுக்கு இருப்பது. மற்ற தறிக்காரர்கள் வந்து, ஏதாவது காணாமல் போனால் நீங்கள்தான் பொறுப்பு என்றார்கள். நைனா சரி என்றார். சில மாதங்கள் நன்றாகத்தான் போனது. சித்தப்பாவின் பெண்டாட்டி மறுபடி கடைத்தெருவுக்குத் தலை நிமிர்ந்து போனாள் என்று அம்மா சொன்னாள்.

பிறகு ஒருநாள் எதிர் ஷெட்டில் ஒரு மோட்டார் காணவில்லை என்ற சத்தம் கேட்டது. நாலைந்து பேர் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். நைனா குறுக்கே நின்று, முதலில் என்னை அடியுங்கள் என்றார். அதற்குள் சித்தப்பா பின்வாசல் வழியாக ஓடிவிட்டார். செருப்புகூடப் போடவில்லை. இரண்டாம் நாள், அந்த மோட்டாரை எதிர் ஷெட்காரரின் மருமகனே கம்பிச் சுருளை மாற்றிக் கட்ட ரிப்பேருக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தான், வீட்டில் சொல்ல மறந்துவிட்டான் என்று தெரிந்தது. அன்று வாசலுக்கு வந்த யாரும் அதன்பிறகு இந்தப் பக்கம் வரவில்லை.

நைனா புத்தூர், ரேணிகுண்டா, சித்தூர் என்று தேடினார். திருப்பதியில் பஸ் ஸ்டாண்டிலும் சத்திரங்களிலும் நானும் சேர்ந்து தேடினேன். கிடைக்கவில்லை.

சித்தப்பாவின் பெண்டாட்டி பிள்ளைகளோடு சூளூர்பேட்டையில் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்ல வந்தாள். அங்கே மீன் காயவைக்கும் வேலை இருக்கிறதாம். அம்மா பிள்ளைகளுக்குச் சோறு போட்டாள். நைனா வெளியே வரவில்லை. கிளம்பும்போது அவள் ஷெட்டின் கதவருகே நின்றாள்.

"எங்க வூட்டுக்காரு வந்தா, சூளூர்பேட்டையில கீறோம்னு சொல்லிடுக்கா" என்றாள்.

சொல்கிறேன் என்று அம்மா தலையாட்டினாள். உள்ளே தறிகளை நைனா ஒவ்வொன்றாக நிறுத்துவது கேட்டது.